லாக்கர் போட்ட ஜிப்ஸிக்கு எந்த ஆக்ஸில் ஷாஃப்ட்?

கேள்வி: ஐயா, என்னிடம் 1.3 லிட்டர் மாருதி ஜிப்ஸி இருக்கிறது. பின் ஆக்ஸிலில் தானியங்கி லாக்கர் (இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுழற்றும் சாதனம்) போட்டிருக்கிறேன். முன்பக்கத்துக்கு ஏர் லாக்கர் (காற்றழுத்தத்தால் வேண்டும்போது மட்டும் பூட்டுவது) ஆர்டர் கொடுக்கும் நிலையில் இருக்கிறேன். டயர் 31 அங்குலம். அண்மையில் ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு பாறை ஏற்றத்தில் பின்வலது ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) முறிந்துவிட்டது. அம்பத்தூரில் ஒரு பட்டறையில் ஈஎன் 24 கம்பியில் புதிதாகக் கடைந்து தருவதாகச் சொல்கிறார்கள். வெளிநாட்டு குரோம்-மாலி ஷாஃப்ட்டின் விலை அதைப் போலப் பல மடங்கு. எதை வாங்கலாம்? முன்பக்க ஷாஃப்ட்டுகளையும் மாற்ற வேண்டுமா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: முதலில், முன் லாக்கருக்கான ஆர்டரை நிறுத்தி வையுங்கள். ஷாஃப்ட்டின் உள்முனையில் உள்ள ஸ்ப்லைன் பற்கள் லாக்கரின் பக்கவாட்டு கியருக்குள் நுழைந்து உட்காருகின்றன. ஆகவே பற்களின் எண்ணிக்கையும் விட்டமும் இரண்டிலும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். இன்று கையில் இருக்கும் ஷாஃப்ட்டுக்குப் பொருத்தமாக லாக்கரை வாங்கிவிட்டு, பிறகு தடித்த ஷாஃப்ட்டுக்கு மாற நினைத்தால், லாக்கரின் பக்கவாட்டு கியர்களையோ லாக்கரையே முழுதாகவோ மீண்டும் வாங்க நேரிடும். ஷாஃப்ட்டை முடிவு செய்த பிறகே லாக்கரை முடிவு செய்ய வேண்டும். பின் ஆக்ஸிலில் இந்த வரிசை ஏற்கெனவே மாறிவிட்டதால், அங்கே போட்டிருக்கும் லாக்கர் எத்தனை பற்களுக்கானது என்பதை எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1 லிட்டர் எஞ்சினுடன் வந்த பழைய ஜிப்ஸியின் பாகங்களும் உங்கள் வண்டியின் பாகங்களும் ஒன்றே என்று கடைக்காரர் சொன்னாலும், எண்ணிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

லாக்கர் போட்ட பிறகு ஷாஃப்ட் ஏன் முறிகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். சாதாரண டிஃபரென்ஷியல் (ஆக்ஸிலின் நடுவே விசையைப் பிரித்துத் தரும் கியர் தொகுதி) இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் ஏறத்தாழச் சமமான முறுக்குவிசையையே தருகிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதற்கு எந்த எதிர்ப்பும் இல்லாததால் மறுபக்கத்துக்கும் விசை கிடைப்பதில்லை. வண்டி நின்றுவிடும், ஆனால் ஷாஃப்ட் பிழைத்துக்கொள்ளும். லாக்கர் இந்தச் சமன்பாட்டை உடைக்கிறது. தொங்கும் சக்கரத்துக்கு ஒன்றும் போகாமல், தரையைப் பிடித்திருக்கும் சக்கரத்துக்கு ஆக்ஸிலின் முழு விசையும் ஒரே ஷாஃப்ட் வழியாகப் போகிறது. இருவர் தூக்கிய சுமையை ஒருவர் தோளில் ஏற்றியதற்கு இது ஒப்பாகும். தானியங்கி லாக்கரில் இன்னொரு சிக்கலும் உண்டு. திருப்பங்களில் அது விடுவித்துப் பிடிக்கும்போதும், முன்னும் பின்னுமாக கியர் மாற்றும்போதும், இடைவெளி அடைபட்டு ஒரு அடி விழும். அந்த அடி ஒவ்வொரு முறையும் ஷாஃப்ட்டில்தான் இறங்குகிறது.

உங்கள் வண்டிக்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.3 லிட்டர் எஞ்சின் அதிகபட்சம் 103 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. முதல் கியர், லோ ரேஞ்ச் (ஏற்றத்துக்கான மெதுவான கியர் நிலை), கிரவுன்-பினியன் (ஆக்ஸிலுக்குள் விசையைத் திருப்பும் கியர் இணை) ஆகிய மூன்றின் விகிதங்களையும் பெருக்கினால் 30க்குச் சற்று மேல் வரும். எனவே உராய்வு இழப்புகள் போக ஆக்ஸிலுக்கு 2,700 நியூட்டன் மீட்டர் அளவில் வந்து சேரும். ஆனால் டயர் தரையில் வழுக்கத் தொடங்கிவிட்டால் அதற்கு மேல் விசை ஏறாது என்பதால், மறுமுனையிலிருந்தும் பார்க்க வேண்டும். 985 கிலோ வண்டி பம்பர், வின்ச், ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்ந்து 1,300 கிலோ ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். செங்குத்தான ஏற்றத்தில் பாரம் பின்னுக்குச் சாய்ந்து, ஒரு பின்சக்கரமும் தூக்கிக்கொண்டால், மற்றப் பின்சக்கரத்தின் மேல் 750 கிலோ வரை உட்காரலாம். காற்றைக் குறைத்த டயர் சொரசொரப்பான பாறையைக் கவ்வும்போது உராய்வுக் கெழு 0.9 என்றும், பாரம் ஏறிய நிலையில் டயரின் ஆரம் 0.37 மீட்டர் என்றும் எடுத்துக்கொண்டால், அந்த ஒற்றை ஷாஃப்ட்டின் மேல் ஏறத்தாழ 2,450 நியூட்டன் மீட்டர் விழும். இது நிதானமாக ஓட்டும்போது வரும் எண். சுழன்றுகொண்டே தொங்கிய சக்கரம் சட்டென்று தரையில் விழுந்து பிடித்தாலோ, கிளட்ச்சைப் பட்டென்று விட்டாலோ, சக்கரமும் ஃப்ளைவீலும் சேமித்து வைத்திருக்கும் சுழற்சி ஆற்றல் இதற்கு மேலும் ஏற்றிவிடும்.

இந்தக் கணக்கில் டயரின் ஆரம் நேரடியாகப் பெருக்கப்படுவதைக் கவனியுங்கள். 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மில்லிமீட்டர். 31 அங்குல டயரின் விட்டம் 787 மில்லிமீட்டர். டயரை மாற்றிய அன்றே, வேறு எதையும் தொடாமல், ஷாஃப்ட்டின் உச்சச் சுமையை 18 சதவீதம் கூட்டிவிட்டீர்கள். அதன் மேல் லாக்கரும் சேர்ந்துகொண்டது. முறிந்ததில் வியப்பில்லை.

இனி ஷாஃப்ட்டின் பக்கம். முறுக்கலில் தண்டின் வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. அதே 2,450 நியூட்டன் மீட்டர், 26 மில்லிமீட்டர் தண்டின் மேற்பரப்பில் ஏறத்தாழ 710 மெகாபாஸ்கல் தகைவை (ஓர் அளவு பரப்பின் மேல் விழும் விசையை) உண்டாக்கும். 28 மில்லிமீட்டரில் அது 570, 30 மில்லிமீட்டரில் 460 என்று இறங்கிவிடும். வெறும் 2 மில்லிமீட்டர் கூடுதல் தடிமன் 25 சதவீத வலிமையைத் தருகிறது. ஆகவே முறிந்த துண்டின் மிக ஒல்லியான இடத்தை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். உங்கள் லாக்கரின் பல் எண்ணிக்கையையும் ஆக்ஸில் கூட்டின் உள்விட்டத்தையும் மாற்றாமல், அதைவிடத் தடித்த தண்டு கிடைக்குமானால், உலோகத்தின் பெயரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

ஈஎன் 24 பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் மிகுதியாகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். ஈஎன் 24 என்பது நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு. வெளிநாட்டு ஷாஃப்ட்டுகளில் 4340 குரோம்-மாலி என்று எழுதியிருப்பதும் ஏறத்தாழ இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எனவே பட்டறைக்காரர் சொல்லும் உலோகத்தில் குறை ஒன்றும் இல்லை. அந்தக் கம்பி எந்த நிலையில் வருகிறது, கடைந்த பிறகு அதற்கு என்ன செய்கிறார்கள் என்பதே கேள்வி. கடைகளில் ஈஎன் 24டி என்று விற்கப்படுவது, லேத்தில் எளிதாகக் கடைவதற்கேற்ப ஏற்கெனவே மிதமாகப் பதப்படுத்தப்பட்ட கம்பி. அதன் கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் 25 முதல் 32 வரை இருக்கும், வெட்டுத் தகைவுக்கு அது தாங்கும் எல்லை ஏறத்தாழ 400 மெகாபாஸ்கல். நாம் போட்ட கணக்கில் 30 மில்லிமீட்டர் தண்டுக்கே 460 தேவைப்பட்டது. பெரும்பாலான தொழிற்சாலை ஷாஃப்ட்டுகள் மலிவான நடுத்தரக் கார்பன் எஃகில் செய்யப்பட்டாலும், மேற்பரப்பை இண்டக்‌ஷன் முறையில் (மின்காந்தத்தால் மேற்பரப்பை மட்டும் சூடாக்கிக் குளிர்வித்து) ராக்வெல் சி 50க்கு மேல் கடினப்படுத்தியே வெளிவருகின்றன. முறுக்கலில் தகைவு உச்சமாவது மேற்பரப்பில்தான் என்பதால் அந்தக் கடினமான தோலே சுமையைத் தாங்குகிறது. ஆகவே ஈஎன் 24டி கம்பியை வாங்கி, கடைந்து, பல் வெட்டி, அப்படியே கையில் கொடுத்தால், நீங்கள் வாங்கியது முறிந்துபோன பழைய ஷாஃப்ட்டைவிட மென்மையான ஒன்று. அது முறியாமல் முறுக்கிக்கொள்ளும், பற்கள் திருகிக்கொண்டு லாக்கரிலிருந்து கழற்ற முடியாமல் இறுகிவிடும்.

எனவே பட்டறையில் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் வேலையின் வரிசையைக் கேளுங்கள். முதலில் கம்பியிலிருந்து ஒரு வில்லை அறுத்து ஸ்பெக்ட்ரோ சோதனைக்கு (உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் சோதனை) அனுப்பி, அது உண்மையிலேயே ஈஎன் 24 தானா என்று உறுதிப்படுத்த வேண்டும். தோராயமாகக் கடைந்து, பல் அமைத்த பிறகு, சூடேற்றி எண்ணெயில் குளிர்வித்து, டெம்பர் செய்ய (மீண்டும் மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைக்க) வேண்டும். 250 முதல் 370 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் டெம்பர் செய்தால் இந்த வகை எஃகு நொறுங்கும் தன்மை அடைகிறது என்பதால், ஹீட் ட்ரீட்மென்ட் செய்பவர் அந்த இடைவெளியைத் தவிர்க்கிறாரா என்று கேட்கத் தயங்காதீர்கள். தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்வியைக் கேட்டதும் மகிழ்ச்சியோடு விளக்குவார். குளிர்விக்கும்போது நீண்ட தண்டு கோணிக்கொள்ளும். ஆகவே நேராக்கி, இரு மையங்களுக்கு இடையே வைத்து டயல் கேஜில் சுழற்றிப் பார்த்து, பேரிங் உட்காரும் இடத்தையும் ஆயில் சீல் உரசும் இடத்தையும் கடைசியில்தான் கிரைண்டிங் செய்ய வேண்டும். காந்தத் துகள் சோதனை செய்து விரிசல் இல்லை என்ற சான்றும், கடினத்தன்மை அறிக்கையும் கையில் வாங்குங்கள். அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் இவை அனைத்தையும் செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள். இவற்றையெல்லாம் செய்தால் விலை கூடும், கூடத்தான் வேண்டும். செய்ய மாட்டோம் என்றால், வெளிநாட்டுத் தயாரிப்பின் விலை நியாயமானது என்றே கருதுகிறேன்.

300எம் என்ற எஃகைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 4340இல் சிலிக்கனையும் வனேடியத்தையும் சேர்த்து உருவாக்கியது, அதைவிடவும் வலியது. ஜிப்ஸியின் எடைக்கும் எஞ்சினுக்கும் பின் ஷாஃப்ட்டில் அது தேவையில்லை.

பற்களின் வடிவத்தையும் பாருங்கள். பெரும்பாலான முறிவுகள் பற்கள் முடிந்து தண்டு தொடங்கும் இடத்தில், அதாவது லாக்கரிலிருந்து ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் நேர்கின்றன. பல் சட்டென்று கூர்முனையாக முடிந்திருந்தால் அங்கே தகைவு குவியும். தண்டின் விட்டத்தைப் பற்களின் அடிவிட்டத்துக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ குறைத்து, வளைவாக இணைத்திருந்தால், முறுக்கல் ஒரே இடத்தில் குவியாமல் தண்டின் நீளம் முழுவதும் பரவும். நல்ல ஷாஃப்ட் கைக்கு ஒல்லியாகத் தெரிவது இதனால்தான். வெட்டி எடுத்த பற்களைவிட உருட்டி அழுத்தி உருவாக்கிய பற்கள் களைப்பு முறிவை (திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் முறிவை) கூடுதலாகத் தாங்கும்.

முறிந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முறிந்த முகம் அச்சுக்குச் செங்குத்தாகத் தட்டையாகவும், சுழிபோன்ற கோடுகளோடும் இருந்தால் அது ஒரே அடியில் வந்த மிகைச்சுமை. 45 டிகிரியில் திருகுபோல முறிந்திருந்தால் உலோகம் நொறுங்கும் தன்மையோடு இருந்திருக்கிறது. கடற்கரையில் அலை விட்டுச் சென்ற கோடுகள் போன்ற வளையங்கள் தெரிந்தால் அது பல நாள் வளர்ந்த விரிசல். அப்படியானால் இடது ஷாஃப்ட்டும் அதே வயதுடையது என்பதால் அதையும் நம்ப வேண்டாம். எப்படி இருந்தாலும் பின் ஷாஃப்ட்டுகளை இணையாகவே மாற்றுங்கள். புதுப்பேட்டையில் பழைய ஷாஃப்ட் மலிவாகக் கிடைக்கும் என்றாலும், லாக்கர் போட்ட வண்டிக்கு அதை உதிரியாக வைத்துக்கொள்ள மட்டுமே பரிந்துரைப்பேன். அதையும் பற்கள் நேராக இருக்கின்றனவா என்று அளவுகோல் வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

ஜிப்ஸியின் பின் ஆக்ஸில் செமி ஃப்ளோட்டிங் வகை என்பதால் ஷாஃப்ட் முறுக்கலோடு வண்டியின் பாரத்தையும் சுமக்கிறது. உள்முனையில் முறிந்தால் பேரிங் அழுத்து வளையம் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஃபிளாஞ்ச் (சக்கரம் பொருந்தும் தட்டு) பக்கம் முறிந்தால் சக்கரமே கழன்று போய்விடும். எனவே அந்த வளையத்தைப் பிரஸ்ஸில் முறையாக ஏற்றச் சொல்லுங்கள், வெல்டிங் வைத்துப் பிடிக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். வெல்டிங்கின் வெப்பம் கடினப்படுத்திய தோலை அந்த இடத்தில் கெடுத்துவிடும்.

முன்பக்கத்தில் பலவீனமானது தண்டு அன்று, நக்கிளுக்குள் (சக்கரத்தைத் திருப்பும் கூட்டுக்குள்) இருக்கும் பர்ஃபீல்ட் ஜாயிண்ட், அதாவது சக்கரம் திரும்பும்போதும் விசையைக் கடத்தும் குண்டு மூட்டு. ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது அது நன்றாகத் தாங்கும். முழுத் திருப்பத்தில் குண்டுகள் கிண்ணத்தின் விளிம்புக்கு வந்துவிடுவதால், அந்த நிலையில் லாக்கரைப் பூட்டி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், குறிப்பாக ரிவர்ஸில், கிண்ணம் பிளக்கும். தண்டை மட்டும் வலுப்படுத்துவதால் பயனில்லை. முன் லாக்கர் போட உறுதியாக இருந்தால், உயர்தர எஃகு ஜாயிண்டையும் உள் ஷாஃப்ட்டையும் ஒரே தயாரிப்பாளரிடம் ஒரு செட்டாக வாங்குங்கள். நான் சொன்னது போல லாக்கரை அதற்குப் பிறகு தேர்ந்தெடுங்கள். நீங்கள் ஏர் லாக்கரை நினைத்திருப்பது சரியான முடிவு. முன்பக்கத்தில் தானியங்கி லாக்கர் வேண்டாம், திருப்பத்துக்கு முன் அணைத்துவிட முடிவது பாதிப் பாதுகாப்பு.

பணம் இரண்டுக்கும் போதாது என்றால் பின் ஷாஃப்ட்டுகளை மட்டும் இப்போது மாற்றுங்கள், முன் லாக்கரைத் தள்ளிப் போடுங்கள். ஈசிஆர் பக்கத்து மணலிலும் வறண்ட ஏரிகளிலும் மட்டுமே ஓட்டுவதாக இருந்தால், மணலில் டயர் முன்பே வழுக்கிவிடும் என்பதால் நல்ல நிலையில் உள்ள தொழிற்சாலை ஷாஃப்ட்டே போதும் என்று சொல்லியிருப்பேன். நீங்கள் பாறையில் ஏறுகிறீர்கள், அங்கே போதாது. ஷாஃப்ட் வலுவானதும் அடுத்த பலவீனம் கிரவுன்-பினியனுக்கும் புரொபெல்லர் ஷாஃப்ட் (ஆக்ஸிலுக்கு விசை கொண்டுவரும் தண்டு) கிராஸ் மூட்டுக்கும் நகரும். ஷாஃப்ட்டை மலைமேலேயே மாற்றிவிடலாம், கிரவுனை மாற்ற முடியாது. ஆகவே ஷாஃப்ட்டை வரம்பின்றி வலுவாக்கவும் கூடாது. 31 அங்குலத்துக்கு மேல் டயர் போடும் எண்ணம் இருந்தால், இந்த ஆக்ஸிலில் பணம் போடுவதை நிறுத்திவிட்டுப் பெரிய ஆக்ஸிலைப் பற்றி யோசியுங்கள். நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குள் வரும் என்பதால், அப்போது ஆர்டிஓ அனுமதியையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

புதிய ஷாஃப்ட்டை மாட்டுவதற்கு முன், பற்களிலிருந்து ஃபிளாஞ்ச் வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு நேர்கோடு வரைந்துவிடுங்கள். உச்சச் சுமையில் 26 மில்லிமீட்டர் தண்டு 25 டிகிரி வரை முறுக்கிக்கொண்டு திரும்பி வருவது இயல்பு. ஆனால் அடுத்த முறை சீல் மாற்றக் கழற்றும்போது அந்தக் கோடு தண்டைச் சுற்றித் திருகியிருந்தால், அது எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். முறியவில்லை என்பதற்காக அதை மீண்டும் மாட்டாதீர்கள். கழற்றிய பழைய நல்ல ஷாஃப்ட், ஒரு இணை ஆயில் சீல், கியர் ஆயில், லாக்கருக்குள் சிக்கிய துண்டை இழுக்க நீண்ட கைப்பிடி காந்தம் ஆகியவை மலைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வண்டியில் இருக்கட்டும்.