வீட்டுப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள், அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் கடை வைத்திருக்கும் ஒருவர், பிளஸ் டூ முடித்த மகளோடு, மேற்படிப்பு பற்றிக் கேட்க என்னிடம் வந்தார். சென்னையில் ஏஐ, டேட்டா சயின்ஸ் படிப்புக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் ஒரு சீட்டை அவருடைய மைத்துனர் பேசி வைத்திருக்கிறார். பணத்துக்கு வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போக வேண்டும். மகளோ பிஎஸ்சி இயற்பியல்தான் என்கிறாள். "சொந்தக்காரங்க சிரிப்பாங்க சார்" என்றார்.

சிரிக்கட்டும், அண்ணாச்சி. தவணை கட்டப்போவது அவர்கள் இல்லை. உங்களைச் சமாதானப்படுத்தி அனுப்பினால் நேரே வங்கிக்குத்தான் போவீர்கள், அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன்: அந்த சீட் வேண்டாம்.

உங்கள் மகளின் நோட்டைப் பார்த்தீர்களா? போன வருட ஐப்பசி, கார்த்திகை முழுக்க, வானிலை அறிக்கை சொன்னது ஒரு பத்தியில், மொட்டைமாடியில் பெய்தது பக்கத்துப் பத்தியில். ஓரத்தில் பென்சிலால் 'சொல்லியும் பெய்யவில்லை', 'சொல்லாமல் பெய்தது' என்று தனித்தனிக் கணக்கு. யாரும் சொல்லிக் கொடுக்காமல் செய்திருக்கிறாள். இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

விண்வெளி வானிலை என்று ஒரு துறை. சூரியனிலிருந்து பிளாஸ்மா மேகம், அதாவது மின்னூட்டத் துகள்களின் கூட்டம், கிளம்பினால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாளில் பூமியைத் தொடும். அது பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்கினால் அதுதான் காந்தப் புயல். எப்போது தொடும், எவ்வளவு வேகத்தில் என்று கணினி மாடல்கள் கணிக்கும். வந்து சேரும் நேரத்தில் பத்து மணி நேரம் முன்னே பின்னே ஆவது சகஜம். எந்த மாடல், எந்த மாதிரிப் புயலில், ஏன் தவறுகிறது என்று தோண்டுவதுதான் வேலை. 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் இந்திய விண்கலம் ஆதித்யா எல்-1, சூரியனிலிருந்து ஓயாமல் வரும் துகள் ஓட்டமான சூரியக் காற்றை நேரடியாக அளக்கிறது. அதன் தரவோடு மாடலை ஒப்பிட வேண்டும். அப்புறம் தரைக்கு வர வேண்டும். கிருஷ்ணாபுரம் என்றால் நமக்குக் கோயில் சிற்பங்கள்தான் ஞாபகம் வரும். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடமும் அங்கே இருக்கிறது. நம் தலைக்கு மேல் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், காந்த நடுக்கோட்டை (காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் மட்டமாக நிற்கும் கோடு) ஒட்டிப் பகலில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. புயல் வந்தால் அதுவும் மாறும். திருநெல்வேலியில் பதிவாகும் காந்தப்புல மாற்றத்திலிருந்து அந்த மின்னோட்டத்துக்கு எட்டத்தில், மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் அலிபாக்கின் மாற்றத்தைக் கழித்தால் அதன் பலம் தெரியும். மாடல் சொன்ன பலமும் இதுவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க நெல்லையை விடத் தோதான ஊர்கள் உலகத்தில் கொஞ்சம்தான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. 'நாளை புயல் இல்லை' என்றே தினமும் சொல்லும் மாடலும் பெரும்பாலான நாட்களில் சரியாகத்தான் சொல்லியிருக்கும். அதை வைத்து மார்க் போட முடியாது. வந்த புயல்களில் எத்தனையைப் பிடித்தது, வராததற்கு எத்தனை முறை பயமுறுத்தியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் மகளின் பென்சில் கணக்கு அதுதானே?

இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்பார் மைத்துனர். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 போய்விட்டன. அப்போது வந்தது சாதாரணக் காந்தப் புயல்தான். மேல் வளிமண்டலம் சூடாகி அடர்த்தி கூடியது, இழுவை தாங்காமல் விழுந்தன. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. அதற்கும் காரணம் காந்தப் புயல்.

இனி செலவு. அரசுக் கல்லூரியில் மூன்று வருட பிஎஸ்சி, அந்த சீட்டின் ஒரு செமஸ்டர் பணத்துக்குள் முடிந்துவிடும். கூடவே பைத்தானும் புள்ளியியலும் கட்டாயம் படிக்க வேண்டும். பிறகு ஜாம் தேர்வு எழுதி எம்எஸ்சி. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். நிரந்தர வேலை கொஞ்சம்தான், முனைவர் பட்டம் முடியப் பல வருடம் ஆகும். அதை மறைக்க மாட்டேன். கல்யாணப் பேச்சை நடுவில் கொண்டுவந்தால் எல்லாம் கெடும். ஆராய்ச்சி ஒத்துவராவிட்டாலும், தரவை நம்பாமல் சோதிக்கத் தெரிந்தவளுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும். மைத்துனர் சொல்லும் டேட்டா சயின்ஸ் வேலையும் அதில் அடக்கம், கடன் மட்டும் இருக்காது.

இந்த விடுமுறையில் அவளிடம் 2024 மே மாதக் காந்தப் புயலைக் கொடுங்கள். ஜப்பானின் கியோட்டோ தரவு மையம் புயலின் பலத்தைக் காட்டும் மணிவாரிக் காந்தக் குறியீட்டை இலவசமாகவே தருகிறது. அதை வரைபடமாக்கட்டும், முன்கணிப்போடு ஒப்பிடட்டும். ஒரு மாதத்தில் சலித்துப்போனால் வாருங்கள், வேறு படிப்பு பேசுவோம். அப்போதும் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.