கோட் எழுதியவரே கையேடும் எழுத வேண்டுமா?

கேள்வி: நானும் கம்பஸ் நண்பர்கள் இருவரும் சேர்ந்து, பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு) உள்ள கோப்புகளை, எல்லா மொழிகளுக்கும் பொதுவான யுனிகோடுக்கு மாற்றும் மென்பொருள் ஒன்றை எழுதி, யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூலமாக, கோட் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டிருக்கிறோம். பாவிக்கிறவர்கள் ஒரே கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கையேட்டை நாங்களே எழுதுவதா, நல்ல தமிழ் எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடிப்பதா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: நல்ல தமிழ்க்காரரைத் தேடுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். கையேடுகள் பெரும்பாலும் நடையால் கெடுவதில்லை. எழுதியவருக்கு விஷயம் தெரியாமல் கெடும், இல்லாவிட்டால் அளவுக்கு மீறித் தெரிந்து கெடும். உங்கள் மூவருக்கும் இரண்டாவது வியாதிதான் இருக்கும்.

பாமினியில் ‘கொ’ அடிக்க மூன்று விசைகள்: முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். யுனிகோடில் ககரத்துக்குப் பின்னால் ஒரே ஒரு உயிர்க்குறிதான். இந்த இடமாற்றத்தை எந்த ஒழுங்கில் செய்கிறீர்கள், கொம்பு தனித்து நின்றால் என்ன ஆகும் என்பதெல்லாம் கோட் எழுதியவருக்கே வெளிச்சம். அதை அவர்தான் எழுத வேண்டும். ஆனால் கொட்டாஞ்சேனையில் அச்சகமொன்றில் டைப்செட்டிங் செய்கிறவர் கேட்கப்போவது அதுவல்ல. “கலியாண அழைப்பிதழில் ஹோட்டல் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது, மாற்றினால் வாயில் நுழையாத தமிழாக வந்து நிற்கிறதே?” என்பார். எழுத்துரு விவரம் இல்லாத வெறும் டெக்ஸ்டில் எது பாமினி, எது ஆங்கிலம் என்று மென்பொருளால் உறுதியாகப் பிரித்தறிய முடியாது. உங்களுக்கு இது சொல்லத் தேவையே இல்லாத விஷயம். அதனாலேயே நீங்கள் எழுதும் கையேட்டில் இது விடுபட்டுப்போகும்.

ஆகவே கட்டளைகள், செட்டிங்ஸ், மென்பொருளால் முடியாதவை, இவற்றைக் கோட் எழுதுகிறவர் எழுதட்டும். அதுவும் கோட் மாற்றத்தோடு ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி அனுப்பும் கோரிக்கை) வரட்டும். தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ், இணையத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ ஆகிய திறந்த மூலத் திட்டங்கள் இரண்டும் கையேட்டை மூலக் கோட் இருக்கும் இடத்திலேயே வைத்திருக்கின்றன. புது வசதி சேர்ப்பவர் அதற்கான விளக்கத்தையும் சேர்த்துத்தான் அனுப்ப வேண்டும். அப்புறம் எழுதலாம் என்று விட்டது எழுதப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. கிட்ஹப் 2017இல் நடத்திய கருத்துக்கணிப்பில், குறைபட்ட அல்லது காலாவதியான கையேடுகள் பரவலான பிரச்சினை என்று 93 வீதமானோர் சொன்னார்கள். பங்களிப்பாளர்களில் 60 வீதமானோர் கையேட்டுக்கு அரிதாகவே பங்களிப்போம், அல்லது பங்களிப்பதே இல்லை என்றார்கள்.

நிறுவுவது எப்படி, முதல் கோப்பை மாற்றுவது எப்படி என்ற பகுதிக்கு வேறு ஆள் வேண்டும். மென்பொருளை இதுவரை தொடாத ஒருவரைக் கூப்பிட்டு, அவருடைய கணினியிலேயே செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் இருங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். (இதுதான் கஷ்டம்.) எங்கே தடுமாறினார், எதை அழுத்தினார், திரையில் என்ன வந்தது என்று அவரே எழுதட்டும். பிழை இருந்தால் நீங்கள் திருத்துங்கள், அவருடைய கேள்விகளை மட்டும் வெட்டாதீர்கள். அடுத்த முறை இதே ஆள் உதவ மாட்டார், அவருக்கும் பழகிப்போயிருக்கும். அதற்கு இன்னொரு புது ஆளைப் பிடியுங்கள்.

இந்தக் கட்டத்தில் அந்த நல்ல தமிழ்க்காரர் வரலாம், செம்மைப்படுத்த. இலவச அலுவலக மென்பொருளான லிப்ரேஆபிஸ் போன்ற பெரிய திட்டங்களுக்குக் கையேடு எழுதவென்றே தனித் தன்னார்வக் குழு உண்டு. மூன்று பேருக்கு அது கட்டுப்படியாகாது. ஏஐயிடம் கொடுத்தால் வசனம் அழகாக வரும், கூடவே உங்கள் மென்பொருளில் இல்லாத ஒரு ஆப்ஷனையும் சேர்த்து எழுதிவிடும். அதைத் தேடிக் களைக்கிறவர் திட்டப்போவது உங்களைத்தான். ஒவ்வொரு படியையும் வேறொரு கணினியில் செய்து பார்க்காமல் வெளியிடாதீர்கள்.

யார் எழுதினாலும் பொறுப்பு ஒருவருக்கு இருக்க வேண்டும். மூவரில் ஒருவரின் பெயரைப் போடுங்கள். ஒரே கேள்வி இரண்டாம் முறை வந்தால் தனிப்பதில் எழுதாமல் கையேட்டில் சேர்த்து, இணைப்பை அனுப்புவது அவர் வேலை.

பயனர் கையேடு தமிழில் இருக்கட்டும். பாமினி பாவிக்கிறவருக்கு வேறு மொழி எதற்கு? ரீட்மீயை (கோடோடு முதலில் கண்ணில் படும் அறிமுகக் கோப்பு) மட்டும் ஆங்கிலத்திலும் வையுங்கள். பழைய சிங்கள எழுத்துருக்களுக்கும் இதே சிக்கல் இருக்கிறது, உங்கள் கோடைப் பார்த்துச் சிங்களத்துக்கு ஒன்று செய்ய யாராவது வரலாம். கையேட்டுக்கும் உரிமம் போட மறக்காதீர்கள், எழுத்துப் படைப்புகளைப் பகிர உதவும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போதும். கோடுக்குப் போட்ட உரிமம் கையேட்டையும் சேர்த்துத்தானா என்ற குழப்பம் வராது.