வீட்டிலிருந்தே பயணம்: விஆர் கண்ணாடி பற்றி உங்கள் கேள்விகள்

ராமநாதபுரத்தில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். விஆர் கண்ணாடி என்பது கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் காட்சிக்குள்ளேயே இருப்பது போலத் தோன்ற வைக்கும் கருவி. அதில் ஊர் சுற்றிப் பார்ப்பது மனதுக்கு என்ன செய்யும் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மனசு லேசாகும் என்கிறார்களே, உண்மையா, விளம்பரமா? (தங்கச்சிமடம்)

உண்மைதான், ஆனால் அளவோடு. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அலுவலகப் பொருட்கள் விற்கும் நிறுவனத்தில் தன் வேலையைப் பற்றி ஒருவர் பேசும் வீடியோவைக் காட்டி முதலில் எல்லோரையும் சலிப்படைய வைத்தார்கள். அப்புறம் பவளப்பாறைக் காட்சி. சிலருக்கு டிவியில், சிலருக்கு விஆர் கண்ணாடியில் நாலாபுறமும் திரும்பிப் பார்க்கும் 360 டிகிரி வீடியோவாக, சிலருக்குக் கணினியில் உருவாக்கிய விஆரில். மூன்றிலுமே சலிப்பும் சோகமும் குறைந்தன. உற்சாகம் கூடியது கணினியில் உருவாக்கிய விஆரில்தான். பார்த்து முடித்த கையோடு கேட்டறிந்த மனநிலை இது. மாதக்கணக்கில் நிற்கும் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. அதனால் கடன் வாங்கிக் கண்ணாடி வாங்காதீர்கள். முதலில் டிவியிலேயே போட்டுப் பாருங்கள்.

அக்கா, எங்க உம்மாவுக்கு முழங்கால் முடியாது. மக்கா போகணும்னு ரொம்ப ஆசை. விஆரில் காட்டலாமா? (கீழக்கரை)

தாராளமாக. ஆனால் திடீரென்று மாட்டிவிடாதீர்கள். "உம்மா, இது வீடியோ, பார்க்கிறீங்களா?" என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகு செய்யுங்கள். கூட்டத்தோடு நடந்துகொண்டே எடுத்த வீடியோ வேண்டாம், ஓரிடத்தில் நின்று எடுத்ததைத் தேடுங்கள். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார வையுங்கள். மாட்டியதும் பெரியவர்கள் ஒரு கையை நீட்டிக் காற்றில் துழாவுவார்கள். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பார்த்துவிட்டு அழுதால் பதற வேண்டாம். சிலருக்கு ஆறுதல், சிலருக்கு ஏக்கம் கூடவும் செய்யும். கழற்றியதும் நீங்கள் அடுப்படிக்குப் போய்விடாமல் ஒரு டீ குடிக்கும் நேரமாவது பக்கத்தில் இருந்து பேசவிடுங்கள். வீடியோவைவிட அந்தப் பேச்சுக்கே நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

ஐந்தே நிமிடத்தில் குமட்டுகிறது. ஏன்? (மண்டபம்)

கண் நகர்கிறோம் என்கிறது, அசைவை உணரும் உள்காது உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் வருவது. படகில் புதிதாக ஏறுகிறவருக்கு வரும் குமட்டலும் இதே கணக்குதான். லேசாகத் தலை சுற்றினாலே கழற்றிவிடுங்கள், தெளியும்வரை வண்டி ஓட்டாதீர்கள். வலிப்பு நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

அப்பா கடலில் தப்பிப் பிழைத்து வந்தவர். அதற்குப் பிறகு படகு ஏறுவதில்லை, தூக்கமும் இல்லை. கடல் வீடியோ காட்டினால் பயம் தெளியுமா? (பாம்பன்)

நீங்களாகச் செய்யாதீர்கள், தம்பி. பயந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை இருக்கிறது, அதற்கு விஆரையும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எந்த அளவில் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று தெரிந்தவர் கூடவே இருந்து செய்வது அது. வீட்டில் திடீரென்று அலையைக் காட்டினால் அன்றைய நாள் முழுதாகத் திரும்பி வந்துவிடலாம். தூக்கம் போனதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். இன்றைக்கே கூப்பிடுங்கள்.

வாசலில் கடல் இருக்க, வீடியோ எதற்கு? (ராமேஸ்வரம்)

நியாயமான கேள்வி. போக முடிந்தவர்கள் அரிச்சல்முனைக்கோ காரங்காடு அலையாத்திக் காட்டுக்கோ போய் வாருங்கள், விஆர் அதற்கு ஈடாகாது. ஆனால் கடலே பிழைப்பாக இருப்பவருக்குக் கடலைப் பார்த்ததும் டீசல் விலையும் வலைக் கடனும்தான் ஞாபகம் வரும். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் கரையில் இருப்பவரிடம் அலைச் சத்தம் போட்டு "ரிலாக்ஸ் பண்ணுங்க" என்றால் எப்படி? கொடைக்கானல் மூடுபனியோ ரயில் ஜன்னலோ, எங்கே போக ஆசை என்று அவரையே கேளுங்கள்.

பையனுக்கு எட்டு வயது. கொடுக்கலாமா? (தொண்டி)

வேண்டாம். மெட்டா நிறுவனமே தன் கண்ணாடிக்குப் பத்து வயதைக் கீழ்வரம்பாக வைத்திருக்கிறது.