வாசகர் கேள்வி – பதில்: புத்தகத்தைப் புரட்டுவதில் கரையும் நேரம்

கேள்வி: அம்மா, நான் விலங்கியல் பட்டதாரி. காரைக்குடியில் மெடிக்கல் கோடிங் (நோய்களையும் சிகிச்சைகளையும் குறியீடுகளாக மாற்றும் பணி) பயிற்சி முடித்து, அடுத்த மாதம் அதற்கான சான்றிதழ்த் தேர்வான சி.பி.சி.யை எழுதவிருக்கிறேன். வீட்டில் எழுதிப் பார்த்த மூன்று மாதிரித் தேர்வுகளிலும் 75 கேள்விகளை முடிப்பதற்குள் நான்கு மணி நேரமும் போய்விட்டது. எழுதியவற்றில் பெரும்பாலானவை சரியாகவே இருக்கின்றன. வேகத்தைக் கூட்ட என்ன செய்வது?
– வாசகி, கோட்டையூர்

பதில்: எழுதியவை சரியாக இருப்பதால் உங்களுக்குப் பாடம் தெரிகிறது, நேரம் கரைவது புத்தகத்தைப் புரட்டுவதில்தான் என்று கருதுகிறேன். அமெரிக்க அமைப்பான ஏ.ஏ.பி.சி. நடத்தும், குறியீட்டுப் புத்தகங்களைப் பார்த்து எழுதும் இத்தேர்வில் 100 கேள்விகளுக்கு 240 நிமிடங்கள், தேர்ச்சிக்கு 70 விழுக்காடு. 25 கேள்விகளைத் தொடாமலே விட்டால், எழுதிய 75-இல் ஆறு தவறினாலும் தேர்ச்சி கைநழுவிவிடும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால், எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக் கூடாது.

மருத்துவக் குறிப்பை முழுவதும் வாசித்துவிட்டு, புத்தகத்தின் சொல்லட்டவணையில் சொல்லைத் தேடப் போவது பணியிடத்துக்கு ஏற்ற முறை. தேர்வுக்கு அது ஒத்துவராது. இங்கே நான்கு விடைகள் கண்முன் இருக்கின்றன. முதலில் கேள்வியின் கடைசி வரியையும், அடுத்து விடைகள் ஒன்றுக்கொன்று எங்கே வேறுபடுகின்றன என்பதையும் பாருங்கள். முகத்தில் 0.8 செ.மீ. அளவுள்ள, புற்றுநோயற்ற கட்டி ஒன்றை இருபுறமும் 0.2 செ.மீ. விளிம்புடன் வெட்டி எடுத்ததாகக் கேள்வி இருக்கட்டும். விடைகளில் 11401, 11441, 11442, 11642 ஆகிய சிகிச்சைக் குறியீடுகள் இருந்தால், 11401 உடலுக்கும் கை கால்களுக்கும் உரியது என்பதாலும், 11642 புற்றுக்கட்டிக்கு உரியது என்பதாலும், புத்தகத்தைத் திறக்காமலே இரண்டும் விலகிவிடும். விளிம்புகளைக் கூட்டினால் 1.2 செ.மீ. ஆவதால் விடை 11442. கூட்ட மறந்தவர் 11441-ஐத் தேர்ந்தெடுப்பார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'இரு விளிம்பும் கூட்டு' என்று உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். அன்றாடக் கோடிங் பணிக்குரிய கைக்குறிப்புகள் புத்தகத்தில் இருப்பதற்கு அனுமதி உண்டு. தனித்தாளை ஒட்டிச் செருகாதீர்கள்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். நோயாளியின் சிகிச்சைக் குறிப்பைத் தந்து கேட்கும் நீண்ட கேஸ் கேள்விகள் பத்துக்கும் 40 நிமிடம், மற்ற 90 கேள்விகளுக்கு இரண்டிரண்டு நிமிடமாக 180 நிமிடம், மீள்பார்வைக்கு 20 நிமிடம். ஒவ்வொரு கேள்விக்கும் கடிகாரத்தைப் பார்த்தால் மனம் பதறும். ஒரு மணி நேரத்தில் 30, இரண்டு மணி நேரத்தில் 60 என்று இரண்டு இடங்களில் மட்டும் சரிபார்த்தால் போதும். மருத்துவச் சொற்களும் உடற்கூறும் உங்களைப் போன்ற விலங்கியல் மாணவிக்குப் புத்தகமே தேவைப்படாத பகுதிகள். அங்கே மிச்சமாகும் நிமிடங்கள் அறுவை சிகிச்சைப் பகுதிக்கு உதவும். மூன்று நிமிடத்தில் பிடிபடாத கேள்விக்கு, எஞ்சிய விடைகளில் ஒன்றைத் தேர்ந்து, குறியிட்டு நகர்ந்துவிடுங்கள். மயக்க மருந்துக் கேள்வி ஒன்றில் நான் பதினோரு நிமிடம் பிடிவாதமாக நின்று, பின்னால் வந்த எளிய கேள்விகளை அவசரத்தில் இழந்தேன். அந்த வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

தேர்வுக்கு முன் இரண்டு முறையாவது நான்கு மணி நேரமும் எழாமல் எழுதிப் பழகுங்கள். ஆட்கள் புழங்கும் வளவை விட்டு இரண்டாம் கட்டில் ஒரு மேசையைப் போட்டு, கைபேசியை ஆச்சியிடம் கொடுத்துவிட்டு உட்காருங்கள். எழுதி முடித்ததும், நான்கு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட கேள்விகள் எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்பதைப் பெட்டியடியில் பற்று வரவு எழுதுவதுபோல ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பெரும்பாலும் ஓரிரு பகுதிகளே திரும்பத் திரும்ப வரும். இருக்கும் ஒரு மாதத்தில் அந்தப் பகுதிகளின் வழிகாட்டு விதிகளை மட்டும் மறுபடி படித்து, அந்தப் பக்கங்களுக்கு அடையாள ஒட்டிகள் வைத்துக்கொள்ளுங்கள்.