பெயின்ட் அடிக்கத் தன்சானியா போகவேண்டுமா?

கேள்வி: அக்கா, நான் கனடாவில் கிச்சனரில் இருக்கிறேன். ஆஸ்பத்திரி ஒன்றில் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலை. கூட வேலை செய்யும் நண்பர் மெனோனைட் என்ற கிறிஸ்தவ சபைக்காரர். தன்சானியாவில் ஒரு பழைய மிஷன் ஆஸ்பத்திரியை அவர்கள் சபை புதுப்பிக்கப் போகிறது. புதுப் பிரசவ வார்டு, ஆபரேஷன் தியேட்டர், இங்கிருந்து ஒரு கன்டெய்னர் நிறையப் பழைய கருவிகள் என்று பெரிய திட்டம். கட்டட வேலைக்கும் பெயின்ட் அடிக்கவும் இரண்டு வாரம் வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள், டிக்கெட் காசு என்னுடையது. மனைவிக்குத் துளியும் விருப்பமில்லை. "அந்தக் காசை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பலாமே, அவர்கள் உங்களைக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாற்றத்தான் கூப்பிடுகிறார்கள்" என்கிறார். நாங்கள் சைவம். போகலாமா?

பதில்: போகலாம் தம்பி. ஆனால் அவர்கள் சொல்கிற வேலைக்குப் போகாதீர்கள்.

மனைவியின் பயத்தை முதலில் பார்ப்போம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கக்கூடாது, விவரம் தெரிந்த ஆள் தானே விரும்பிக் கேட்டால்தான் கொடுக்கவேண்டும் என்று சொன்னதற்காக 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உதைபட்டு நாடு நாடாக ஓடியவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். ஆயுதம் தொடமாட்டோம் என்பது இன்னொரு கொள்கை. (உங்கள் ஊர்ப் பக்கம் குதிரை வண்டியில் போகிறவர்கள் இவர்களில் ஒரு பிரிவு மட்டும்தான், உங்கள் நண்பர் கார் ஓட்டுவார் என்று நினைக்கிறேன்.) ரஷ்யா, உக்ரைன் பக்கம் பட்டினியில் கிடந்தவர்களுக்கு உதவ 1920-ல் மெனோனைட் மத்தியக் குழு என்று ஒன்றைத் தொடங்கினார்கள், அது இன்றும் நடக்கிறது. அகதிகளைப் பொறுப்பேற்றுக் கூட்டிவரக் கனடா அரசோடு 1979-ல் முதல் ஒப்பந்தம் போட்டதும் அதே குழுதான். அதனால் பிடித்து இழுத்து மாற்றுவார்கள் என்ற பயம் எனக்கில்லை. ஜெபமும் பாட்டும் இருக்கும், மிஷன் ஆஸ்பத்திரியில் இல்லாமல் எப்படி? "நான் சைவம், மெஷின் பார்க்க மட்டும் வருகிறேன்" என்று நண்பரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அவர் முகம் சுருங்கினால் அதிலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

எனக்கு உறுத்துவது அந்தப் பெயின்ட்தான். பெயின்ட் அடிக்கத் தன்சானியாவில் ஆள் இல்லையா? உங்கள் ஒரு ஆளின் டிக்கெட் காசில் அங்கே எத்தனை பேருக்கு எத்தனை நாள் கூலி கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மெனோனைட்டுகளே இதைவிட நன்றாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். தைவானின் கிழக்குக் கரையில் ஹுவாலியன் என்ற ஊர் இருக்கிறது. 1948-ல் அவர்களுடைய நடமாடும் மருத்துவக் குழு அந்தத் தீவின் மலைகளில் பழங்குடிக் கிராமங்களுக்குப் போக ஆரம்பித்தது, 1954-ல் ஹுவாலியனில் ஆஸ்பத்திரி திறந்தார்கள். ரோலண்ட் பிரவுன் என்ற அமெரிக்க டாக்டர் வந்து ஏறத்தாழ 40 வருடம் அங்கேயே இருந்துவிட்டார். அவருக்கு இருந்த பெரிய மனக்குறை, தனக்குப் பிறகு யார் என்பதுதான். தைவான் டாக்டர்களுக்கு அமெரிக்கா பக்கத்தில் இருக்கிறது, ஹுவாலியன்தான் தூரமாக இருக்கிறது என்று அவர் சொன்னது அங்கே ரொம்பப் பிரபலம். கடைசியில் 1993-ல் ஹுவாங் ஷெங்ஷியுங் என்கிற தைவான்காரர், அமெரிக்காவில் மூளை அறுவை மருத்துவராக இருந்தவர், திரும்பி வந்து அடுத்த வருடமே ஆஸ்பத்திரியைப் பொறுப்பேற்றார். இன்று அது தைவான்காரர்களே நடத்துகிற பெரிய ஆஸ்பத்திரி.

பராகுவேயில் இன்னொரு கதை. அங்கே குடியேறிய மெனோனைட்டுகள் தங்களுக்கு இடம்கொடுத்த நாட்டுக்கு நன்றியாக 1951-ல் தொழுநோய்க்கென்று ஓர் இடம் தொடங்கினார்கள், பெயரே 'கிலோமீட்டர் 81'. சுற்றியிருந்த மக்கள் தொழுநோயாளிகள் இங்கே வரக்கூடாது என்று எதிர்த்தார்கள். டாக்டர் ஜான் ஷ்மிட் என்ன செய்தார்? நோயாளிகளை வரவழைக்காமல் அவர்கள் வீட்டுக்கே மருந்தோடு போனார். நோயாளியை ஒதுக்கி அடைத்து வைப்பதே வழக்கமாக இருந்த காலம் அது. கட்டடம் கட்டி முடிப்பதிலேயே குறியாக இருந்திருந்தால் இப்படி ஒன்று தோன்றியிருக்குமா?

யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. 1847-ல் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் (இவர் மெனோனைட் இல்லை, அமெரிக்கன் மிஷன்) மானிப்பாயில் நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார், பாடநூல்களையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவர் ஊர் திரும்பிய பிறகும் அவரிடம் படித்தவர்கள் வைத்தியம் பார்த்தார்கள்.

அப்புறம் அந்தக் கன்டெய்னர். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் குழுவில் மற்றவர்களுக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் (மின்சாரம் ஒரு நொடியில் எத்தனை முறை திசை மாறி மாறி ஓடிவருகிறது என்ற கணக்கு). தன்சானியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் ஊர் மாதிரி. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் மாறாது, சில மோட்டார்கள் அதில் சூடாகியே சாகும். வளரும் நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் ஏறத்தாழ 40 சதவீதக் கருவிகள் ஓடாமல் கிடக்கின்றன என்று 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. இங்கே கழித்துவிடும் மானிட்டருக்கு அங்கே சென்சார் எங்கே வாங்குவது, ஃபில்டர் எங்கே, சர்வீஸ் புத்தகம் யாரிடம்? இதற்குப் பதில் இல்லாத சாமான் ஒன்றுகூடக் கன்டெய்னரில் ஏறக்கூடாது. குழுவில் இதைச் சொல்ல உங்களைவிட்டால் வேறு ஆள் இருப்பதாகத் தெரியவில்லை, கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

இது எதையும் கேட்காமல் அவர்கள் தேதி போட்டிருந்தால், கட்டடக் குழு போவதற்கு முன்னால் உங்களை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஆஸ்பத்திரியில் மெஷின் பார்க்கிற ஆள் யாராவது இருப்பார், எலக்ட்ரீஷியனாகவே இருந்தாலும் சரி. அவரோடு வார்டு வார்டாக நடந்து எது ஓடுகிறது, எது ஓடவில்லை, எதற்கு ஒரு ஃபியூஸ் போதும் என்று எழுதுங்கள். இரண்டு வாரம் அதற்குத்தான் சரியாக இருக்கும். புதுத் தியேட்டர் வேண்டும் என்று கேட்டது அங்குள்ள டாக்டர்களும் நர்ஸ்மாரும்தானா, இல்லை கிச்சனரில் ஒரு மீட்டிங்கில் தோன்றிய யோசனையா என்பதும் அந்த நடையிலேயே தெரிந்துவிடும். அவர்களுக்கு வேண்டியது தண்ணீர்த் தொட்டியும் ஜெனரேட்டருமாக இருக்கலாம். திரும்பி வந்ததும் குழுவிடம் ஒன்றைக் கேளுங்கள்: திரட்டும் பணத்தில் ஒரு பங்கை அந்த மெஷின் பார்க்கிற ஆளின் பயிற்சிக்கும் சில வருடச் சம்பளத்துக்கும் ஒதுக்குவீர்களா? கல்வெட்டில் பெயர் போட முடியாத செலவு என்பதால் முனகுவார்கள். விடாதீர்கள். மாட்டோம் என்றால் காசும் கொடுக்காதீர்கள்.

மனைவி யாழ்ப்பாணத்தைச் சொன்னதும் நியாயம்தான், அதைப் பிடிவாதம் என்று ஒதுக்காதீர்கள். அங்குள்ள ஆஸ்பத்திரிகளிலும் பழுதான மெஷின் இல்லாமலா போகும்? அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது இதே வேலையை அங்கேயும் செய்கிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுங்கள், கொடுத்தால் செய்யவும் வேண்டும். மலேரியா மாத்திரை புறப்படும் முன்பே தொடங்கவேண்டியது, டாக்டரிடம் நேரத்தோடு போய்க் கேளுங்கள்.