காத்தாடிச் சத்தம்: கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறையில் இருக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த காலத்தைப் பாட்டி சொல்லச் சொல்லக் கைப்பேசியில் பதிவு செய்து வருகிறேன். காத்தாடியை நிறுத்தினால் அவருக்கு வேர்க்கிறது. அதனால் பதிவு முழுக்க ஒரே இரைச்சல். நடுவில் மழை வேறு, தெருவில் போகும் மோட்டார் வேறு. காசில்லாமல் சுத்தம் செய்ய வழி உண்டா?

பிறை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு. ஆடாசிட்டி போதும். கணினியில் ஒலிப்பதிவைத் திருத்த 2000-இல் வெளிவந்த மென்பொருள், இன்றும் இலவசம்தான்.

காத்தாடி ஒரே சீராக இரைவதால் அதை எடுப்பது சுலபம். பாட்டி பேசாத ஓரிரு விநாடியைத் தேடிப் பிடியுங்கள். அதில் மூச்சு, புடவைச் சரசரப்பு எதுவும் கலந்திருக்கக் கூடாது. அந்தத் துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் பட்டியலில் நாய்ஸ் ரிடக்‌ஷனைத் திறந்து, 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' (இரைச்சலின் மாதிரியை எடு) அழுத்துங்கள். அப்புறம் பதிவு முழுவதையும் தேர்ந்தெடுத்து, அதே பெட்டிக்குத் திரும்பி வந்து, 12 டெசிபெல் அளவில் குறைத்துப் பாருங்கள். இன்னும் இன்னும் என்று ஏற்றிக்கொண்டே போனால் பாட்டி தண்ணீருக்கடியிலிருந்து பேசுவது போலாகிவிடும்.

அதே பெட்டியில் 'ரெசிட்யூ' என்றொரு தேர்வு இருக்கிறது. நீக்கப்படுவதை மட்டும் அது ஒலித்துக் காட்டும். வெறும் இரைச்சல் கேட்டால் சரி. பாட்டியின் சொற்கள் அரைகுறையாகக் கேட்டால் அளவைக் குறையுங்கள்.

மழை கூடிக் குறையும், மோட்டார் வந்து போகும். இந்த முறைக்கு இரண்டுமே சரியாக அடங்காது. மோட்டார் பேச்சின் இடைவெளியில் வந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒலியைத் தணித்துவிடலாம், பேச்சின் மேலேயே ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள். மழையை நானாக இருந்தால் தொடவே மாட்டேன். தோட்டத்துக் கதைக்கு அது இருந்துவிட்டுப் போகட்டும்.

எதைச் செய்தாலும் நகலில் செய்யுங்கள். மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிய கோப்பை வைத்துக்கொண்டு போராட வேண்டாம்.

அடுத்த முறை கைப்பேசியை மடித்த துண்டின் மேல் வைத்து, பாட்டியின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்துங்கள். பாதியில் காத்தாடியின் வேகத்தை மாற்றாதீர்கள், எடுத்த இரைச்சல் மாதிரி மீதிப் பதிவுக்குப் பொருந்தாது. பேச்சைத் தொடங்குமுன் பதிவைப் பத்து விநாடி சும்மா ஓடவிடுங்கள். அதுவரை பாட்டியைப் பேசாமல் உட்கார வைப்பது உங்கள் பாடு.