ரசீது இல்லாத வண்ண வைரங்களைப் பினாங்கில் விற்க முடியுமா?

அப்பா விட்டுப்போன மூன்று கற்கள், இரண்டு மஞ்சள், ஒன்று இளஞ்சிவப்பு. ரசீது இல்லை, ஜார்ஜ்டவுன் நகைக்கடைகளில் ஆளுக்கொரு விலை சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

விற்கலாம், ஆனால் இப்போதே வேண்டாம். வண்ண வைரத்தின் விலை, அந்த நிறம் எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. மண்ணுக்கடியில் நைட்ரஜன் கலந்து மஞ்சளாகியிருக்கலாம். மலிவான கல்லுக்குக் கதிர்வீச்சும் சூடும் கொடுத்து நிறமேற்றியிருக்கலாம். ஆய்வகத்தில் வளர்த்ததாகவும் இருக்கலாம். வெறும் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். கடைக்காரர் பேனா மாதிரி ஒரு கருவியை வைத்து, சத்தம் வந்ததும் அசல் என்பார். அது பெரும்பாலும் வெப்பம் கடத்துவதை மட்டுமே பார்க்கும். ஆய்வக வைரத்துக்கும் அதே சத்தம்தான், வைரம் போலவே தெரியும் மொய்சனைட் என்ற வேறு கல்லுக்கும் பல நேரம் அப்படித்தான்.

அதனால் முதலில் ஜிஐஏ (அமெரிக்க ரத்தினவியல் நிறுவனம்) போன்ற ஆய்வகத்தின் அறிக்கை வாங்குங்கள். நிறத்தின் தோற்றம் 'இயற்கை' என்று அதில் இருக்கிறதா பாருங்கள். நிறத்தின் தரமும் அதில் இருக்கும்: வெளிர் நிறமான 'ஃபேன்சி லைட்', பளிச்சென்ற அடர் நிறமான 'ஃபேன்சி விவிட்' இரண்டுக்கும் நடுவே விலை பல மடங்கு மாறும்.

இளஞ்சிவப்புக் கல்லில் கூடுதல் கவனம் தேவை. இளஞ்சிவப்பு வைரங்களுக்குப் பெயர்போன ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் 2020-இல் மூடப்பட்டது. ஆர்கைல் கல் என்றால் மதிப்பு கூடும், ஆனால் காகிதம் இல்லாமல் அந்தப் பெயரைச் சொல்லி விற்காதீர்கள். போருக்குப் பணம் தரும் வைரங்களைத் தடுக்க வந்த கிம்பர்லி சான்றிதழும் கைகொடுக்காது; அது பட்டை தீட்டாத கற்களுக்கு மட்டும்.

அப்புறம், யாரிடம் கல்லைக் கொடுத்தாலும் உங்கள் கண்முன்னே எடைபோட்டு, கேரட் எடை எழுதிய ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.